பைலாவுல கை வெச்சுப்போடாத கண்ணு!

ஏங்கண்ணு, உங்க சரவணம்பட்டி அபார்ட்மெண்டுக்கு நீதான் புதுச் செக்ரட்டரியாமா? வந்ததும் வராததுமா பைலாவைத் திருத்தோணும்ங்கறயாமா? வேண்டாஞ் சாமி. அது பாட்டுக்குப் பீரோவுல தூங்குது, தூங்கட்டும்.

என்ன கொறையைக் கண்ட அதுல? குப்பை அள்ளலைன்னா பேரூராட்சிக்கு எழுதோணும்னு போட்டிருக்குது. எழுது. சரவணம்பட்டி 2011லயே கோயமுத்தூர் கார்ப்பரேசன்ல சேந்துபோச்சுன்னா, அதுக்குப் பைலா என்ன பண்ணும்? பராமரிப்பு மாசம் 300 ரூவாயாமா. அந்தக் காசுக்கு லிப்ட் மெக்கானிக் வந்து கதவைத் தடவிக் குடுத்துட்டுப் போவான். கார் சார்ஜ் போடறதுக்கு ஒரு வரியுமில்லைங்கற. மூணாவது மாடி ஜன்னல்ல இருந்து வயரைத் தொங்கவிட்டுப் போட்டுக்கறாரே ஒருத்தரு, அவரு உன்ற வரியைக் கேட்டாரா?

நாய் வளக்கப்படாதுங்கற விதியும் அப்படித்தான். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லயே அந்தத் தடையெல்லாம் செல்லாதுன்னு சொல்லிப்போடுச்சு. நாய்க்குத்தான் படிக்கத் தெரியாது. உங்க கமிட்டிக்குமா?

டெல்லிக்காரங்களைப் பாரு, அவசரக்காரங்க. 1950ல அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தை அடுத்த வருசமே திருத்துனாங்க. 2023க்குள்ள 106 தடவை ஆச்சு. உங்க பைலா அதை விடப் புனிதம். ஸ்டேப்ளர் பின் துருப்புடிச்சு ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சு, பிரிச்சாக் கிழியும்.

அந்த ஒட்டுன பக்கத்துலதான் தேர்தல் விதி இருக்குதுன்னு பேசிக்கறாங்க. 1975ஆம் வருசத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி கமிட்டிக்காரங்களுக்கு மூணு வருசந்தான் பதவி. மறுக்கா நிக்கலாம், தப்பில்ல. ஆனா நடுவுல தேர்தல்னு ஒண்ணு நடந்திருக்கோணும்ல? உங்க தலைவரு சேர்ல உக்காந்து உக்காந்து சேரே அவராட்டம் ஆயிப்போச்சு.

இன்னொண்ணு. நெட்டுல ஒரு பெங்களூரு பைலாவை எறக்கி, பேரை மட்டும் மாத்தி வெச்சிருக்கறயாமா. கெட்டிக்காரன்! கர்நாடகச் சட்டத்தைக் கொண்டாந்து கோயமுத்தூர்ல நட்டா மொளைக்குமா? நம்மூருக்கு 2022ஆம் வருசத்து அடுக்குமாடிச் சட்டம் 2024 மார்ச் 6ல இருந்து அமல்ல இருக்குது. உங்க பைலாவுல மொதல் வரியே 1994ஆம் வருசத்துச் சட்டத்தைக் கும்புடுது. அது போயே போச்சு. புதுசுல ஒரு சங்கதி: மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க ஒத்துக்கிட்டாப் பழைய கட்டடத்தை இடிச்சுக் கட்டலாம். இதை மட்டும் ஐப்பசி மழையில மொட்டை மாடி ஒழுகறப்பச் சொல்லு, காது குடுத்துக் கேப்பாங்க.

சரி, பிடிவாதக்காரன், கேக்கமாட்ட. அப்ப 21 நாளைக்கு முன்னாடியே நோட்டீஸ் குடு. வந்து ஓட்டுப் போடறவங்கள்ல நாலுல மூணு பங்கு கெடைச்சாப் போதும். வராம ஊட்டுல டிவி பாக்கறவங்க அந்தக் கணக்குல சேத்தியில்ல. ஆனா கோரம் சேரோணும். அதனால முகூர்த்த நாள்லயோ தைப்பூசத்தன்னிக்கோ கூட்டம் போட்டறாத, பாதிப் பேரு ஒறம்பரை ஊட்டுலயும் மீதிப் பேரு பழனி ரோட்டுலயும் இருப்பாங்க. நோட்டீஸுல "டீ, பஜ்ஜி உண்டு"ன்னு கொட்டை எழுத்துல போடு. தீர்மானம் நெறைவேறுனதும் கை தட்டீட்டு ஊட்டுக்குப் போயிராத. பதிவாளர் ஆபீசுல பதியற வரைக்கும் அது பஜ்ஜி மடிக்கிற காயிதந்தான்.

நாஞ்சொன்னேன்னு மட்டும் தலைவர்கிட்டச் சொல்லீராத கண்ணு. தீர்மானத்தை எப்படித் தோக்கடிக்கறதுன்னு போன வாரந்தான் அவருக்கு ரோசனை சொல்லிப்போட்டு வந்தேன். அவரு பஜ்ஜியோட போண்டாவும் போடறாராமா.