மயூர் விஹாரில் டிரையல்ஸ் பயில்வது

டிரையல்ஸ் என்பது காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, மரக்கட்டை, படிக்கட்டு எல்லாவற்றின் மேலும் சைக்கிளைத் துள்ளவைத்துக் கடக்கும் விளையாட்டு. 1970களில் ஸ்பெயினின் கட்டலோனியாவில், பேரே பீ என்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் தன் மகனுக்காகத் தொடங்கிவைத்தது. வண்டியில் இருக்கை கிடையாது. உட்கார நேரமும் கிடையாது. பழைய விதிப்படி, கால் ஊன்றினால் ஒரு தண்டப்புள்ளி. ஐந்து சேர்ந்தால் அந்தத் தடைப்பகுதியில் ஆட்டம் குளோஸ்.

ஐரோப்பியர்கள் தடைகளைக் காசு கொடுத்துக் கட்டுகிறார்கள், பாவம். கிழக்கு தில்லியின் மயூர் விஹாரில் அவை இலவசம். பெயர்ந்த நடைபாதைக் கற்கள், மூடி காணாமல்போன சாக்கடை, கேபிளுக்காகத் தோண்டி மறந்த பள்ளம், நடுச்சாலையில் அசைபோடும் பசு. பசு நகரும் தடை என்பதால் மேல்நிலை மாணவர்களுக்கு மட்டும்.

இங்குள்ள சைக்கிள் குழுவில் சேர ஹெல்மெட், இறுக்கமான உடை, வாட்ஸாப் எண் மூன்றும் கட்டாயம். சைக்கிளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விடியலில் கூடி இந்தியா கேட் வரை செல்வது மரபு. காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டும் நவம்பர் நாட்கள் உத்தமம். நுரையீரலுக்கும் டிரையல்ஸ் ஆகிவிடும். எரித்த கலோரியைச் சோலே பட்டூரே பொறுப்புடன் திருப்பித் தரும்.

கூடும் இடத்துக்குச் சைக்கிளில் வருவது ஆபத்து என்பதால், மூத்த உறுப்பினர்கள் அதைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார்கள். கார்கள் நடைபாதைமேல் வரிசையாக ஏறி நிற்கும். புதியவர்களுக்கு அதுவே முதல் தடை. பானெட்டில் கீறல் விழுந்தால் மட்டும் நேரடியாக ஐந்து புள்ளி.