பேரு வெட்ட ஒரு முறை இருக்கப்பு

வாப்பு, உக்காரு. இந்தா மோரு. நாலு பேரு கார்ல வந்தீக. மூணு பேரு கீழ பூங்காவுல படகு விடப் போயிட்டாய்ங்க, நீ ஒருத்தன்தான் சித்தன்னவாசல் மலையேறினேன்னு கேள்விப்பட்டேன். என் பேரன்னா சும்மாவா! அது சரி, அந்தக் கார் சாவியை எதுக்கு இந்தப் பிடி பிடிச்சிருக்கே? நுனியில வெள்ளையாப் பொடி ஒட்டியிருக்கே, திருநீறா?

அட, தலையைக் குனியாதப்பா. நான் திட்டவா போறேன்? இந்த மலையில பேரு வெட்டுறது இன்னிக்கு நேத்து வந்த பழக்கமா என்ன? ரெண்டாயிரம் வருசமா நடக்குற சமாச்சாரம். உனக்கு முறை தெரியல, அவ்வளவுதான். நான் மூணாங்கிளாசு. ஆனாலும் தொல்லியல் ஆளுகளுக்கு இந்த மோரைச் சுமந்து சுமந்தே பாதிச் சரித்திரத்தை ஓசியில படிச்சவன். சொல்றேன், கேட்டுக்க.

மேல ஏறி, அந்தப் பக்கமா இறங்கினா ஏழடிப்பட்டம். பாறையில வெட்டுன ஏழு படியால வந்த பேரு. உள்ள பதினேழு கல்லுப் படுக்கை, தலகாணி மேடு உட்பட. சமண முனிவருங்க படுத்தது. எவ்வளவு வழவழப்புங்கிறே! உங்க அப்பன் தவணையில வாங்கின மெத்தையில கூட அந்த வழவழப்பு இல்ல. அதுல ஒரு படுக்கையில பழைய தமிழி எழுத்து, கிமு முதல் நூற்றாண்டு வாக்குல வெட்டினது. எருமி நாட்டுக் குமுழூர்ல பொறந்த காவுதின்னு ஒருத்தருக்கு, சிறுபொசில் இளையர் செஞ்சு குடுத்த இருக்கைன்னு படிச்சவுக அர்த்தம் சொல்றாக. எருமி நாடுன்னா இப்ப மைசூருப் பக்கமாம். கவனிச்சியா? யாருக்கு, எந்த ஊரு, யாரு குடுத்தது, என்ன குடுத்தது, அம்புட்டும் ஒரு வரியில அடங்கிப் போச்சு. நீ என்ன வெட்டின? உன் பேரு, நடுவுல ஒரு இதயம், அப்புறம் இன்னொரு பேரு. அந்தப் புள்ளைக்கு என்னப்பா குடுத்த? ஒரு ஐஸ்கிரீமாவது? இருந்தா அதையாவது சேத்து வெட்டியிருக்கலாம்ல.

'தாத்தா, மத்த படுக்கையிலயும் வெறும் பேருதான இருக்கு'ம்பே. இருக்குதான். ஏழாம் நூற்றாண்டுக்கு அப்புறம் அங்க இருந்த துறவிங்க பேரு. அவுக பாயி இல்லாம, பட்டினி கிடந்து, அந்தக் கல்லுலயே காலத்தைக் கழிச்சவுக. நீயும் ஒரே ஒரு ராத்திரி அங்க படு. செல்போனைக் கீழ வச்சுட்டுப் போகணும். விடியக்காலம் நானே உளி கொண்டாந்து தாரேன்.

இந்தப் பக்கம், பாறையைக் குடைஞ்ச அறிவர் கோயிலுக்கு வா. அங்கயும் ஒரு ஆளு பேரு வெட்டியிருக்காரு: மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். ஒன்பதாம் நூற்றாண்டு, ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் மதுரையில ஆண்ட சமயம். அந்த மனுசன் உள் மண்டபத்தைப் புதுப்பிச்சு, முன்னால முகமண்டபமும் கட்டி, வேலையெல்லாம் முடிஞ்ச பெறகுதான் உளியைக் கையில எடுத்தாரு. நீ வேலையை விட்டுட்டு உளியில ஆரம்பிச்சுட்ட. கொஞ்சம் வரிசை மாறிப் போச்சு, வேற ஒண்ணுமில்ல.

கர்ப்பக்கிரகத்துல போயி ஓங்காரம் விட்டுப் பாத்தியா? மெதுவா முனகினாப் போதும், அறையே கூட முனகும். போன மாசம் ஒருத்தன் உள்ள நின்னு 'ஹலோ, சிக்னல் இல்லடா'ன்னு கத்தினான். கல்லு அதையும் மரியாதையாக் கேட்டுக்கிச்சு.

விதானத்தை அண்ணாந்து பாத்திருப்பே. தாமரைக் குளம். மீனு, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆளுக. அந்த எருமையை மட்டும் நான் அரைமணி நேரம் பாத்திருக்கேன். எங்க வீட்டு எருமை எனக்கு அப்படி ஒரு நாளும் முகம் காட்டுனதில்ல. பாறை மேல கரடாச் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதுக்கு மேல நைசான சுண்ணாம்பு தேச்சு, மண்ணையும் கல்லையும் அரைச்ச சாயத்துல தீட்டினது. ஆயிரம் வருசத்துக்கு மேல தாங்கிச்சு. நம்ம ஆளுக விரல் வேர்வையையும் ஈர மூச்சையும்தான் அதால தாங்க முடியல. 1930கள்ல பரமசிவன்னு ஒரு ரசாயன அறிஞரு வந்து, இதை எந்தப் பக்குவத்துல தீட்டினாகன்னு ஆராய்ஞ்சு எழுதினாரு. இவ்வளவு பெரிய படத்தைத் தீட்டினவன் பேரு எங்க இருக்குன்னு நானும் தேடித் தேடிப் பாத்தேன். எங்கயும் இல்லப்பு. பாவம், அவன் கிட்டக் கார் சாவி இருந்திருக்காது.

இவ்வளவு சொல்லியும் பாறையிலதான் பேரு வரணும்னு அடம் பிடிச்சா, அதுக்கும் சுருக்கு வழி இருக்கு. 1958ல ஒரு சட்டம் போட்டு, 2010ல அதை இன்னும் இறுக்கிட்டாய்ங்க. இந்த மாதிரி இடத்தைச் சிதைச்சா ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள, இல்லாட்டி ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டும் சேந்தே கிடைக்கும். அந்தக் கோர்ட்டுக் காகிதத்துல உன் பேரு, அப்பன் பேரு, ஊரு எல்லாம் எழுத்துப் பிழையில்லாம அச்சாகும். இளங்கௌதமனுக்குக் கூட மூணு நகல் கிடைச்சிருக்காது.

அதே சட்டந்தான் நூறு மீட்டருக்குள்ள புதுசா ஒண்ணும் கட்டாதேங்குது, அதுக்கு மேலயும் இருநூறு மீட்டருக்கு அனுமதி கேளுங்குது. என் ஆட்டுக் கொட்டகை இருக்கே, அது நல்லவேளை இந்தக் கணக்குல எதுலயும் அகப்படாம வெளிய நிக்குது. அதனால ஒரு ஏற்பாடு பண்ணலாம். சாவியை இங்க குடு. இந்தச் சாக்கைப் பிடி. வர்ற பாதையில, புளியமரத்தடியில, உன் சேக்காளிங்க போட்டுட்டுப் போன தண்ணி பாட்டிலும் சிப்ஸ் கவரும் கிடக்கு. பொறுக்கி எண்ணிக் கொண்டா. கொட்டகைச் சுவத்துல அடுப்புக் கரியால நானே எழுதித் தாரேன், முறைப்படி: 'பட்டணத்துல பொறந்த பேராண்டி சித்தன்னவாசல் மலையில பொறுக்கின பாட்டிலு இத்தனை.'

எண்ணிக்கைக்கு இடம் விட்டு வைக்கிறேன். போயிட்டு வா. மிச்ச மோரை மூடி வைக்கிறேன்.