ஜாகைப் பெரியப்பா

தருமபுரி மாவட்டத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்று மொத்தமாகக் கிளம்பி வெளியூரில் பத்து நாளுக்கு மேல் தங்க நேரும்போது, எந்த ஊர் என்பதைப் பெண்களும், எப்போது என்பதைப் பள்ளி விடுமுறையும், எதில் என்பதைக் கையிருப்பும் முடிவு செய்துவிட, அந்த ஊரில் எந்தப் பேட்டையில் இறங்குவது என்ற கேள்வி மட்டும் வீட்டில் ஒருவருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அவரே இங்கே ஜாகைப் பெரியப்பா எனப்படுகிறார். ஜாகை என்பது தங்குமிடம் என்ற பொருளில் உருது வழியே தமிழுக்கு வந்து, நெடுங்காலம் கௌரவமாகப் புழங்கி, இப்போது ரூமுக்கும் லாட்ஜுக்கும் இடம் விட்டு ஒதுங்கி நிற்கும் சொல். பெரியப்பா என்பது உறவுமுறையைவிடப் பதவியையே குறிக்கும். சில வீடுகளில் சித்தப்பாவும், ஓரிரு வீடுகளில் தாய்மாமனும் அந்தப் பதவியை வகிப்பதுண்டு. அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அரசுப் பணியில் மூன்று நான்கு மாற்றல்களைக் கண்டவராதலால் வாடகை வீடு பார்ப்பதில் தமக்கு நிகரில்லை என்று நம்புவார். அந்த வீடுகளை எல்லாம் பார்த்து முடித்தவர் அவர் மனைவி என்பது அவர் நினைவில் தங்கியிருக்காது.

அவருடைய அளவுகோல்கள் உள்ளூரிலேயே தயாரானவை. தருமபுரி என்பது அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர். ஔவைக்கு அவன் நெல்லிக்கனி ஈந்த கதை இங்கே பேருந்து நிலையத் தேநீர்க் கடை வரைக்கும் பழக்கம். கோட்டை என்று இன்றும் அழைக்கப்படும் பகுதியில் மல்லிகார்ச்சுனர் கோயிலும் காமாட்சியம்மன் கோயிலும் நிற்கின்றன. கோட்டைக்கு வெளியே வணிகர் குடியேறிய சந்தைப் பகுதியைப் பேட்டை என்பது பழைய வழக்கு. அப்பெயரைத் தாங்கிய குமாரசாமிப்பேட்டை, தைப்பூசத்தில் பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுக்கும் தேருக்குப் பெயர் பெற்றது. 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமான பின் ஊர் இலக்கியம்பட்டிப் பக்கமாக நீண்டது. பூசத்துக்காகப் பெங்களூரிலிருந்து வரும் தங்கை குடும்பத்தைப் பேட்டையில் இறக்குவதா இலக்கியம்பட்டியில் இறக்குவதா என்று ஒவ்வோர் ஆண்டும் தை பிறந்ததும் அவர் யோசிக்கத் தொடங்குவார். தங்கை குடும்பமோ அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் ஒவ்வோர் ஆண்டும் படுத்து எழுந்து போகிறது.

அவர் முதலில் பார்ப்பது தண்ணீர். இதைக் கிறுக்கு என்று மருமகப்பிள்ளைகள் சொல்வதுண்டு என்றாலும் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அமைப்பின் உச்ச வரம்பு. தருமபுரியின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் அந்த வரம்பைத் தாண்டியதால், குழந்தைகளின் பல் பழுப்பேறுவதும் பெரியவர்களின் மூட்டு இறுகுவதும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, வீட்டு விளம்பரத்தில் கிழக்குப் பார்த்த வாசலுக்கு முன்னால் ஒகேனக்கல் தண்ணீர் இடம் பிடித்தது. இப்படிப்பட்ட ஊரில் அறுபது ஆண்டு வாழ்ந்தவர் வேறு ஊருக்குப் போனால் முதலில் கோபுரத்தைப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சோதனைக்கென்றே அவர் தோள்பையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கும். வீட்டுக்காரர் கூடத்தையும் குளிர்சாதனப் பெட்டியையும் காட்டிக்கொண்டிருக்கையில் அவர் நேரே சமையலறைக் குழாயடிக்குப் போய், ஒரு டம்ளர் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, ஒரு வாய் ஊற்றி, கன்னம் இரண்டும் உப்ப அரை நிமிடம் வாயிலேயே வைத்திருந்து, கண்ணை மூடி விழுங்குவார். மிச்சத்தில் விரலை நனைத்து, சட்டைப்பையிலிருக்கும் சோப்புத் துண்டில் தேய்த்து நுரை பார்ப்பார். பிறகு டம்ளரைக் கவிழ்க்காமல் ஜன்னல் மேல் வைத்து, அது காய்ந்ததும் விளிம்பில் வெள்ளை வளையம் படிகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் காத்திருப்பார். இந்தச் சடங்கில் நுரையும் வளையமும் நீரின் கடினத்தன்மையை, அதாவது சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்திருக்கும் அளவை, ஓரளவு காட்டிக்கொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் அவர் தேடும் ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். ஆகவே நாக்கைப் பொறுத்தவரை அது வெறும் சம்பிரதாயம். அசல் சோதனை தெருவில் நடக்கும். விளையாடும் பிள்ளைகளை நிறுத்தி, "கண்ணு, எங்க ஒருதரம் சிரி பாக்கலாம்" என்பார். பற்கள் வெள்ளையாக இருந்தால் அந்தத் தெரு முதல் சுற்றில் தேறியது. முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துக் குறிப்பெழுதிக்கொள்வதைக் கண்டு ஜன்னல்கள் சாத்தப்படுவதை அவர் கவனிப்பதில்லை.

இந்த மனிதரின் முழு உருவமும் வெளிப்படுவதற்கு மதுரையைப்போல் பொருத்தமான ஊர் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்காகப் பதினான்கு பேர் இரண்டு வாரம் தங்குவது என்று முடிவானதும், அவர் மாசியிலேயே தனியாளாகப் புறப்பட்டுவிடுவார். தொப்பூர், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டரை இரவோடு கடந்து, சேலத்துப் பேருந்துகள் வந்து நிற்கும் ஆரப்பாளையத்தில் விடியுமுன் இறங்கி, ஒரு தேநீர் குடித்துவிட்டு, நான்காக மடித்த தாளைப் பிரிப்பார். தாளில் சதுரத்துக்குள் சதுரமாக ஐந்து சதுரங்கள் இருக்கும். மதுரையின் பழைய நகரமைப்பு அப்படிப்பட்டது: மீனாட்சியம்மன் கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, எல்லாவற்றையும் அணைத்தாற்போல் வெளி வீதி, விழா நடந்த மாதங்களே பெரும்பாலும் வீதிகளின் பெயராயின. ரோமாபுரியானாலும் ஜெய்ப்பூரானாலும் பழைய நகரத்தில் தங்கப் போகிறவனுக்கு மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதே கேள்வி. மதுரையிலோ 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டை மதிலையே இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார். அந்த வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரைத் தாங்கிய வீதியில்தான் இன்று லாட்ஜுகள் வரிசையாக நிற்கின்றன. உள் எது வெளி எது என்பதை மதில் சொல்லாமல் போனதால் பெரியப்பாவே சொல்ல வேண்டியதாகிறது.

சித்திரை வீதியில் வண்டி ஓட முடியாது. கோயிலைச் சுற்றி நடந்துதான் போக வேண்டும். குடும்பத்தில் நான்கு ஜோடி முழங்கால்கள் பழுது என்பதால் அந்தச் சதுரம் அடிபட்டது. ஏறத்தாழ 170 அடி உயரத் தெற்குக் கோபுரம் மொட்டை மாடியிலிருந்து முழுதாகத் தெரியும் வீடு ஒன்று அங்கே கிடைத்ததையும், அதற்கு மூன்று மாடி ஏற வேண்டும் என்பதால் தாம் துறந்துவிட்டதையும், பின்னாளில் அவர் ஒரு தியாகத்தைப்போல் விவரிப்பார். ஆவணி மூல வீதியைப் பற்றி அதிக ஆராய்ச்சி தேவைப்படவில்லை: தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடை வீதி, குடும்பத்தில் ஐந்து பெண்கள். மாசி வீதிகளில்தான் தேர் ஓடும். தேரோடும் வீதிக்கு மாசி என்று பெயரிருக்க, தேர் மட்டும் சித்திரையில் ஓடுவானேன் என்று கேட்போருக்கு, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மாசியில் நடந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தார் என்று மதுரைக்காரர் சொல்லும் விளக்கம் உண்டு. பெரியப்பா அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேர் வரும் நாளில் பாட்டிக்கு மூச்சு வாங்கினால் ஆட்டோ எந்தப் பக்கமாக வரும் என்று கேட்பார். நாயக்கர் ஆட்சி அந்தக் கேள்விக்கு விடை வைத்துவிட்டுப் போகவில்லை. வெளி வீதி பேருந்து இரைச்சலால் தள்ளுபடியானது. ஆக, சங்ககாலம் தொட்டுப் புகழப்பட்ட ஒரு மாநகரத்தின் நடுப்பகுதி முழுவதும் காலை பதினொரு மணிக்குள் நிராகரிக்கப்பட்டு, டம்ளர் பைக்குள் திரும்பியது.

இதற்குப் பின் வைகையின் வடகரை. கே.கே. நகரும் அண்ணா நகரும் அகலத் தெருக்களோடு அவரைக் கவர்ந்தாலும், இலக்கியம்பட்டியை விட்டு இவ்வளவு தூரம் வந்து மறுபடி ஓர் இலக்கியம்பட்டியில் குடியிருப்பதா என்ற வெட்கம் அவருக்கும் வரத்தான் செய்தது. தல்லாகுளத்தில் கீழ்த்தள வீடு ஒன்று கிடைத்தது. டம்ளர் விளிம்பில் வளையம் மெலிசாகத்தான் படிந்தது. எதிர்வீட்டுப் பையன் சிரித்தபோது பல் பளிச்சென்றிருந்தது. அதன் பிறகு நடந்த பேச்சு, வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் தமிழ்நாட்டில் எங்கும் நடப்பதுதான்.

"எத்தன பேருண்ணே வருவீங்க?"

"குடும்பந்தாங்க."

"அதான், எத்தன பேரு?"

"பெரியவங்க எட்டு பேருங்க. மத்ததெல்லாம் பொடிசுங்க, கணக்குல வராதுங்க."

கணக்கில் வராத பொடிசுகளில் ஒன்று கல்லூரி இரண்டாம் ஆண்டு. வீட்டுக்காரர் இதை ஊகித்திருப்பார். ஆனால் சித்திரையில் அவர் சொன்ன வாடகை பொடிசுகளையும் சேர்த்தே கணக்கிட்டதாதலால் இரு தரப்பிலும் மனக்குறை எழவில்லை. கேழ்வரகுக் களி கிண்டுவதற்கு அடுப்பைத் தரையில் இறக்கிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டபோதுதான் வீட்டுக்காரர் சற்றுத் தயங்கினார். களி கிண்டுவது தருமபுரிச் சமையலில் பாதி உடற்பயிற்சி. இடுப்பளவு மேடையில் வைத்த பானையில் துடுப்புக்கு அழுத்தம் கொடுக்க முடியாது. முன்பணத்தைக் கூட்டித் தந்ததும் தயக்கம் தெளிந்தது.

ஊர் திரும்பியதும் கூடத்தில் தீர்ப்பு வாசிக்கப்படும். கோயிலுக்கு இவ்வளவு தொலைவில் எதற்கு என்று கேட்ட மருமகளுக்கு அவர் வைத்திருந்த பதில் அசைக்க முடியாதது. அழகர்கோயிலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வரும் கள்ளழகர், வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருவார்; மண்டகப்படி என்பது சாமியைத் தம் மண்டபத்திலோ பந்தலிலோ சற்று இருத்தி உபசரிக்கும் உரிமை. மதுரை மக்கள் எதிர்கொண்டு அழைக்கும் அந்த நிகழ்ச்சிக்கு எதிர்சேவை என்று பெயர். அன்றிரவு அழகர் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, மறுநாள் அதிகாலையில்தான் தங்கக் குதிரையேறி வைகையில் இறங்குகிறார். "அழகருக்கு ஆகி வந்த ஜாகை நமக்கு ஆகாதாம்மா?" என்று அவர் கேட்டதும் வீடு அடங்கியது. அழகருக்குப் படுக்கை விரிக்கப் பட்டர்களும், சுமக்கத் தோள்களும், வழிவிட லட்சக்கணக்கான மக்களும் உண்டு என்பதை எடுத்துச் சொல்லும் துணிவு அந்தக் கூடத்தில் பெரியம்மாவுக்கு மட்டுமே உண்டு. அவர் அப்போது மாவு சலித்துக்கொண்டிருந்தார்.

எதிர்சேவை நாளன்று, நெரிசலைத் தவிர்க்கவென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தத் தெருவில் நெரிசல் காலையிலேயே தொடங்கியது. முழங்கால் பழுதுபட்ட நால்வரும் வாசற்படியில் நாற்காலி போட்டு, இடத்தை விட்டு நகராமல், ஆட்டத்தையும் வேடத்தையும் நீர் பீய்ச்சும் தோல்பைகளையும் கண் நிறையப் பார்த்தார்கள். நகர நினைத்த பத்துப் பேரால் மறுநாள் உச்சி வரை தெருமுனையைத் தாண்ட முடியவில்லை. பாட்டிக்கு மூச்சு வாங்கவில்லை. ஆகவே ஜாகைத் தேர்வு வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. பெரியப்பாவோடு நியாயமாகப் பேச விரும்பும் எவரும் இதை மறுக்க முடியாது: வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு அழகரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள, தருமபுரியில் அவருடைய சம்பந்தி வீட்டாருக்கு இன்னும் வாய்க்கவில்லை.

குழாயில் வந்த வைகை நீரைக் குடும்பத்தில் யாரும் குடிக்கவில்லை. வந்திறங்கிய அன்றே பெரியம்மா எதிர்வீட்டு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்து கேன் தண்ணீர் போடும் பையனின் எண்ணை வாங்கிவிட்டார். இரண்டு வாரமும் நாளைக்கு மூன்று கேன், இருபது லிட்டர் கணக்கில், வாசலில் வந்து இறங்கியது.