முட்டுக்கட்டை போடுறவனே, இங்க வா

என்னடா தம்பி, காலங்காத்தால காதுல ஒண்ண மாட்டிக்கிட்டு சுவத்தப் பாத்துப் பேசிக்கிட்டிருக்க? பேய் கீய் புடிச்சிருச்சான்னு ஒன் அப்பாயி வேப்பல ஒடிக்கப் போயிட்டா. கேட்டா ‘ஸ்டேண்ட் அப் மீட்டிங்’கிற. நின்னுக்கிட்டே பேசுற கூட்டமாமே? நீ கால் மேல கால் போட்டு ஒக்காந்துல்ல இருக்க!

அடேய், இத நாங்க பெரட்டுன்னு சொல்லுவோம். றப்பர் தோட்டத்துல வெள்ளன பெரட்டுக்களத்துல போயி நிப்போம். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவாரு. நேத்து எந்த மலை, இன்னைக்கு எந்த மலை, எவனுக்குக் காய்ச்சல், எவன் கத்தி மொட்டை. அம்புட்டுத்தான். ஒன் கூட்டத்துலயும் அதே மூணு கேள்விதானே? நேத்து என்ன செஞ்ச, இன்னைக்கு என்ன செய்வ, எது மறிக்குது? 15 நிமிசத்துல முடிக்கணும்னு சட்டமாம். நேத்து நான் மணி பாத்தேன். 50 நிமிசம். அதுல பாதி நேரம் ஒருத்தன் “என் ஸ்க்ரீன் தெரியுதா, தெரியுதா”ன்னே கேட்டுக்கிட்டிருந்தான். எங்க கணக்கப்பிள்ளை அப்படி நிக்க வச்சிருந்தா வெயில் ஏறிப்போயிருக்கும். வெயில் ஏறுனா றப்பர் மரம் பால் விடுமா?

இப்படிக் கூடி வேலை செய்யிற அஜைல்ங்கிற மொறை எங்கருந்து வந்துச்சுன்னு நீதான் ஒருநா சொன்ன. 2001-ல அமெரிக்காவுல, யூட்டா மலையில, ஒரு பனிச்சறுக்கு விடுதியில 17 பேர் கூடி எழுதுனதாம். சாரம் நாலே நாலு. சடங்கவிட மனுசன் பெருசு. கத்தைத் தாளவிட ஓடுற சாமான் பெருசு. ஒப்பந்தத்தத் தூக்கிக்கிட்டுத் திரியாத, வாங்குறவனோட ஒக்காந்து பேசு. போட்ட திட்டம் ஒதவலன்னா மாத்து. நல்ல பேச்சுடா! மலையில ஒக்காந்தா புத்தி வரும்னு மலைநாட்டுக்காரனுக்குத் தெரியாதா? ஆனா அந்த நாலுக்கு நீங்க இப்ப நாப்பது கூட்டம் போடுறீங்க. சடங்கு வேணாம்னவனுக்கே படையல் போட்டு, கற்பூரம் காட்டிட்டீங்க.

அப்புறம் அந்தச் சீட்டாட்டம். வேலையோட கனத்த 1, 2, 3, 5, 8, 13ன்னு அளக்குறீங்க. 4 எங்கடான்னா, கெடையாதாம். ஆளுக்கொரு சீட்ட ஒரே நேரத்துல தூக்கிக் காட்டுறீங்க. அதுல சூட்சுமம் இல்லாம இல்ல. ஒருத்தன் வாயப் பாத்து இன்னொருத்தன் சொல்ல முடியாதுல்ல? ஆனா அன்னைக்கு நீ தூக்குனது 8. மத்தவன் எல்லாம் 2. “டெஸ்டிங்க ஏன் அதுல சேக்குற?”ன்னான் ஒருத்தன். நீயும் கம்முனு கைய எறக்கிட்ட. ஏன்டா, பால் வெட்ட நேரம் உண்டு, வடிகட்ட நேரம் கெடையாதா?

அதுக்குக் கூலி என்ன ஆச்சு? ஸ்பிரிண்ட்டுங்கிற ரெண்டு வாரத்து வேலைச் சுத்துல ஒம்போது நாள் ப்ரோகிராம்காரன் எழுதுனான். பத்தாம் நாள் சாயங்காலம், சோதிச்சுப் பாக்குற ஒன் மடியில கொட்டுனான். “சும்மா ஒரு பார்வை பாரு”ன்னான். நீ ராத்திரி முழுக்க முழிச்ச. விடிஞ்சு ஓட்டையக் காட்டுனா, ‘க்யூஏ-வால லேட்டு’ன்னு ஒனக்குத்தான் பேரு. சீக்கச் சொன்ன வைத்தியனையே சீக்குன்னு சொல்ற ஊருடா அது.

போன மாசம் ஒரு சாமான போன்ல போட்டுக் குடுத்து, “தாத்தா, அடிச்சுப் பாரு”ன்ன. ஞாபகம் இருக்கா? நம்ம இலங்கை அடையாள அட்டை நம்பர் கேட்டுச்சு. என்னோடது பழசு. 9 இலக்கம், வாலுல ஒரு ‘வி’. பெட்டி செவந்துபோச்சு. 12 இலக்கந்தான் வேணுமாம். அந்தப் பன்னெண்டு 2016-ல வந்த புது அட்டைக்குடா! அதுக்கு முந்தி அட்டை எடுத்தவன் எல்லாம் செத்தா போயிட்டான்?

சரி, திருத்திக் கொண்டாந்தீங்க. அப்பாயி அடிச்சா. திரும்பவும் செவப்பு. பழைய நம்பர்ல மொத ரெண்டு இலக்கம் பொறந்த வருசம், அடுத்த மூணு அந்த வருசத்துல எத்தனாவது நாள். எழுதுனவன் இதப் படிச்சிருக்கான், கெட்டிக்காரன். வருசத்துல 366 நாளுக்கு மேல ஏதுன்னு வேலியும் போட்டுட்டான். ஆனா பொம்பளைக்கு அந்த நாளோட 500 கூட்டிப் போடுறது இந்த நாட்டு வழக்கம்னு அவனுக்குத் தெரியல. ஒத்தை வரியில நாட்டுல பாதிச் சனத்தத் தள்ளி வச்சிட்டான்! கேட்டதுக்கு “என் மெஷின்ல ஓடுதே”ன்னானாம். ஓடாம? அவன் ஆம்பளை. அட்டையும் புதுசு. அவன் வீட்டு அடுப்புல வெந்தா போதுமா? விருந்தாளி வாயிலல்லடா வேகணும்!

அத எந்த டூல் கண்டுபுடிச்சுச்சு? வெத்தலக் கறை வெரலால ஒரு கிழவி கண்டுபுடிச்சா. மெஷின் வேணாங்கல. ஒரே பாதையில நூறு தடவ நடக்க மெஷின விடு. எவனும் நடக்காத பாதையில நீ நட.

சின்ன விசயம்னு சிரிக்காத. நாசாக்காரன் செவ்வாய்க்கு அனுப்புன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999-ல போய்ச் சேந்த எடத்துலயே காணாமப் போச்சு. ஏன்? ஒரு பக்கத்துச் சாமான் விசைய றாத்தல்ல குடுத்துச்சு. மறுபக்கம் அத மெட்ரிக்குன்னு எடுத்துக்கிச்சு. எங்க தராசுக்கிட்ட நிக்கிற பொம்பளையக் கேட்டிருந்தா றாத்தல் வேற கிலோ வேறன்னு சொல்லியிருப்பாளே! நம்ம பொடியன்களும் லேசுப்பட்டவனுக இல்ல. மில்லேனியம் ஐடின்னு நம்ம நாட்டுக் கம்பெனி. அத 2009-ல லண்டன் பங்குச் சந்தைக்காரனே வெலைக்கு வாங்கி, அவனுக செஞ்ச சாமான்லதான் யாவாரத்த ஓட்டுனான். அம்புட்டுக் காசு கைமாறுற எடத்துல ‘சும்மா ஒரு பார்வை’ பாத்தா போதுமா?

இப்ப நான் கண்ட சங்கதியக் கேளு. இந்தப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர்ல றப்பர் ஷீட்ட வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் புடிச்சுத் தரம் பிரிச்சவன் நான். குமிழி, தூசி, கறுப்புப் புள்ளி எல்லாம் பாத்து ஒண்ணாம் நம்பர்லருந்து அஞ்சாம் நம்பர் வரைக்கும் அடுக்குவேன். எத்தனை வருசம் மொறச்சுப் பாத்தும் ஒரு அஞ்சாம் நம்பரக்கூட என் கண்ணு ஒண்ணாம் நம்பரா மாத்தல. தரம் என் கண்ணுலயாடா இருந்துச்சு? சிரட்டையத் தொடச்சு வச்சாளா, பால வடிகட்டுனானா, அசிட்ட அளவா விட்டானா, பொகை சரியாப் புடிச்சுதா, அங்கல்ல இருந்துச்சு!

அதனால பத்தாம் நாள் வரைக்கும் காத்துக் கெடக்காத. என்ன செய்யப்போறோம்னு பேசுற மொத நாளே கேளு. பழைய அட்டைக்காரன் வந்தா? என்னய மாதிரி ஒத்தப் பேருக்காரன்கிட்ட குடும்பப் பேரக் கேட்டா, அவன் எங்க போவான்? நம்ம பல்லேபொலையில ஒரு மழை பேஞ்சு, காசு கட்டுற நேரத்துல கரண்டு போனா? அந்தக் காசு யாருது?

ஆபீசுல ஒன்னய முட்டுக்கட்டைன்னு கேலி பண்றாங்கன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த. மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்துல அஞ்சு தேர் ஓடுதே, என்னத்தப் பாத்த? வடம் புடிக்க அம்புட்டுச் சனம். சத்தம் போட அதுக்கு மேல. சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு, முட்டுக்கட்டையோட ஓடுறவன் ரெண்டு மூணு பேரு. அவன எவன் போட்டோ புடிக்கிறான்? ஆனா முக்குல தேரத் திருப்புறது வடமா, கட்டையா? அவன் கட்டைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகட்டும், தேர் எந்தக் கடைக்குள்ள பூருதுன்னு பாப்போம்!

ஒண்ண மட்டும் மறந்துறாத. தேர் கெளம்புன எடத்துலருந்து அவன் கூடவே ஓடுறான். நெலைக்கு வந்து சேந்தப்புறம் கட்டையத் தூக்கிக்கிட்டு வர்றவன் கட்டைக்காரன் இல்ல, வேடிக்கைக்காரன்.

போ, அப்பாயிகிட்ட பேய் இல்லன்னு சொல்லி அந்த வேப்பலய வாங்கி வை. நாளைக்குச் சீட்டுத் தூக்கச் சொன்னா எட்டத் தூக்கு. எவன் மொறச்சாலும் கைய எறக்காத.