காபியா, மிளகா, உங்கள் மகளா

ஷிசுவோக்கா, ஜப்பான்
நவம்பர் 27

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? காபிப் பழம் பறிப்பு தொடங்கியிருக்குமே, ஆள் கிடைத்ததா?

இங்கேயும் மலைச்சரிவுதான். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் 'மிக்கான்' என்று நம் கமலா ஆரஞ்சின் பங்காளி ஒன்று. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் வாழவந்தி மாதிரியே இருக்கும். சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் இல்லாததுதான் குறை. ஊருக்கு வாழவந்தி என்று பேர் வைத்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வெளியூருக்கு வாழப் போகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. தாத்தா பாட்டிகளைத் தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் கஷ்டமில்லை. என்னைப் படுத்துவது ஒரே ஓர் எழுத்து: 'யா'.

முதல் நாள் இடைவேளையில் மேற்பார்வை அம்மா ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் "கோஹீ யா ஓச்சா" என்பது மட்டும் காதில் விழுந்தது. கோஹீ என்றால் காபி. "காபியா?" என்று கேட்கிறார் போலிருக்கிறது, என்ன தங்கமான மனுஷி என்று நினைத்து, "ஆமாம், காபிதான், சர்க்கரை கொஞ்சம் தூக்கலா" என்றேன். அவர் சொன்னது, காபி, தேநீர் போன்றவை அந்த அலமாரியில் இருக்கின்றன, வேண்டுமானால் நீயே போட்டுக்கொள் என்பது.

விஷயம் இதுதான் மாமா. இவர்கள் ரெண்டு பொருளைச் சேர்த்துச் சொல்ல 'தொ' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். "காபி தொ மிளகு" என்றால் காபியும் மிளகும், அத்தோடு சரி, கணக்கு முடிந்தது. "காபி யா மிளகு" என்றால் உதாரணத்துக்கு இந்த ரெண்டு, இன்னும் இருக்கிறது. கடைசியில் 'நாதோ' என்று ஒன்றைத் தொங்கவிட்டால் நம் 'முதலியன'. பேச்சில் இளவட்டங்கள் 'யா'வுக்குப் பதில் 'தொக்கா' போடுகிறார்கள். நாம் "காபி கீபி" என்று சொல்வதுபோல, வாயில் சும்மா வந்து விழுகிறது.

நீங்கள் ஐந்தாம் வகுப்பில் என் முட்டியில் ஸ்கேலால் தட்டியது ஞாபகமிருக்கிறதா? "மா, பலா, வாழை முதலிய முக்கனிகள்" என்று எழுதினதற்கு. "மூணுன்னு சொல்லிட்டு முதலியன்னா நாலாவது கனி உங்கப்பன் தோட்டத்துலயா காய்க்குது? ஆகிய-ன்னு எழுதுடா" என்றீர்கள். அந்த 'ஆகிய'தான் 'தொ'. அந்த 'முதலிய'தான் 'யா'. அன்றைக்கே வலி உறைத்திருந்தால் இங்கே இரண்டு முறை அவமானப்பட்டிருக்க மாட்டேன்.

முதல் அவமானம், அறிமுகக் கூட்டத்தில். குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். 'யா' அப்போதுதான் புதிதாகக் கற்றது; புதுச் செருப்பு மாதிரி எங்கே போனாலும் போட்டுக்கொண்டு திரிந்தேன். "எனக்கு மனைவி யா மகள் இருக்கிறார்கள்" என்றேன். கூட்டம் அமைதியானது. தொண்ணூற்று மூன்று வயசுப் பாட்டி ஒருத்தி, "மனைவி போன்றவர்கள் மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டாள். சத்தியமாக ஒருத்திதான், அது உங்கள் மகள்தான் மாமா. இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

அதற்குப் பயந்து எல்லா இடத்திலும் 'தொ' போட ஆரம்பித்தேன். புரட்டாசி சனிக்கிழமை வந்தது. சமையல்கட்டு அம்மாவிடம், "இன்றைக்கு இறைச்சி தொ மீன் சாப்பிட மாட்டேன்" என்றேன். மத்தியானம் எனக்கென்றே தனியாக, சுடச்சுட, மூன்று பெரிய இறால் பொரித்து வைத்திருந்தார். இறால் இறைச்சியும் இல்லை, மீனும் இல்லையே! நான்தான் பட்டியலை ரெண்டோடு மூடிவிட்டேனே. 'யா', 'நாதோ' போட்டிருந்தால் அதற்குள் இறால், நண்டு, முட்டை எல்லாம் அடங்கியிருக்கும் என்று மாலை வகுப்பு ஆசிரியை விளக்கினார். அந்த அம்மா நின்று, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நடந்ததைப் பெருமாள் அறிவார். இந்தப் பாராவை அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை, 'தானோ'. ஒருத்தர் புலம்பலை அலுப்போடு அடுக்கிச் சொல்ல இது. "சமுயி தானோ, நெமுயி தானோ" என்று மேற்பார்வை அம்மா யாரையோ சொல்லிக்கொண்டிருந்தார். குளிருதுங்கிறான், தூக்கம் வருதுங்கிறான் என்று அர்த்தம். ஏதோ பாட்டுப் பாடுகிறார் என்று நானும் தலையாட்டி ரசித்தேன். பாட்டுடைத் தலைவன் நான்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் உடனே நன்னூலை எடுப்பீர்கள், தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். பெயர்களை ஒட்டில்லாமல் அடுக்கும் செவ்வெண்ணுக்கும், ஏ, என்றா, எனா என்ற எண்ணிடைச்சொற்களுக்கும் முடிவில் தொகைச்சொல் வேண்டும்; 'உம்' முதலானவற்றுக்குத் தொகை இல்லாமலும் நடக்கும் என்று பவணந்தி வைத்த கணக்கை நீங்கள் திண்ணையில் சொல்லச் சொல்லத் தூங்கியவன் நான். இப்போது இங்கே இரவு பதினோரு மணிக்கு அதை நினைத்து விழித்துக்கொண்டிருக்கிறேன். ஓனோ சுசுமு என்ற பேராசிரியர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு என்று பல வருஷம் வாதாடினார். 2008இல் காலமானார். இவர்களுடைய 'மோ'வும் நம் 'உம்'மும் ஒன்று என்பது அவர் கட்சி. "கோஹீ மோ கோஷோ மோ" என்றால் காபியும் மிளகும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் தவறாமல் வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கும் சபலம் தட்டத்தான் செய்கிறது. ஆனால் மொழியியல்காரர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, 'மோ' ஒன்றுதான் என்னை இதுவரை காட்டிக்கொடுக்கவில்லை.

நேற்று அந்தத் தொண்ணூற்று மூன்று வயசுப் பாட்டி, உன் ஊரில் என்ன விளையும் என்று கேட்டாள். யோசித்து, நிதானமாக, "காபி யா, மிளகு யா, ஆரஞ்சு நாதோ" என்றேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு, "நாதோவில் என்னென்ன?" என்றாள். பலாவைச் சொன்னேன். பேரிக்காயைச் சொன்னேன். மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழா வரைக்கும் வந்துவிட்டேன். அதற்குள் தூங்கிவிட்டாள். போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஊரிலிருந்து ஒருத்தர் வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டியவை: நம் தோட்டத்துக் காபித்தூள், மிளகு, பருப்புப்பொடி முதலியன. அந்த 'முதலியன'வில் என்ன வரும் என்று அத்தைக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்