கருவுற்றார் மலையேற்றம்: எர்ணாவூர்ப் படலம்

வடசென்னையின் எர்ணாவூர் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே இருக்கிறது. மலை என்று சொல்லத்தக்கது இவ்வூரில் ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலம் ஒன்றே. அதன் உச்சியை அடைந்தோர் பலரும் டிரெய்லர் லாரிக்குப் பின்னால் நின்றபடி நெடுநேரம் இயற்கையை ரசித்திருக்கிறார்கள். எனவே இவ்வூர்க் கர்ப்பிணி ஊட்டியைப் பார்க்க ஆசைப்பட்டால் ஏறத்தாழ 2,240 மீட்டர் ஏறியாக வேண்டும். அது தகுமா என்பதே ஆய்வுப் பொருள்.

பூர்வபட்சம் வீட்டு ஆயாவுடையது: "வயித்துல புள்ளய வெச்சினு மலைக்கா? அங்க காத்தே இருக்காதும்மா!"

இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது படித்தவர்களின் அவசரம். ஊட்டியில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குதான். ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். ஆயா இயற்பியல் பேசியிருக்கிறார், சற்று மிகையாக. மருத்துவர்கள் பொதுவாகக் கோடு போடுவது 2,500 மீட்டரில். சிக்கலில்லாத கர்ப்பமென்றால் அதற்குக் கீழே சில நாள் தங்கி வருவதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. விமானத்துக்குள்ளேயும் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்துக்கு நிகராகக் குறையலாம். ஆக, டெல்லிக்குப் பறக்கும் கர்ப்பிணி தன்னை அறியாமலே ஊட்டியைக் கடந்துவிடக்கூடும். ஊட்டியருகே தொட்டபெட்டாச் சிகரத்தின் 2,637 மீட்டர் மட்டும் கோட்டைத் தாண்டுகிறது.

காற்று உண்டா என்று கேட்ட ஆயா, அதில் என்னென்ன உண்டு என்று கேட்கவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு, நம் ஊருக்குப் பக்கத்திலுள்ள பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி மக்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கடல்மட்டத்தில், முழு அழுத்தத்தோடு, காற்றுக்கு அன்று எந்தக் குறையும் இல்லை.

மலையில் நிஜமாகவே அஞ்ச வேண்டியது மருத்துவமனையின் தூரம். இதை மலைவாழ் பெண்களிடமே கேட்கலாம். பிரசவ நாள் நெருங்கும்போது அவர்கள் முன்கூட்டியே வந்து தங்குவதற்கென்று பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் வைத்திருக்கிறது தமிழக அரசு. மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கே அந்த ஏற்பாடு. சுற்றுலா போகிறவளோ ஒன்பதாம் மாதத்தில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணப் புறப்படுகிறாள். கூடப் போகும் கணவன் செல்ஃபிக்கு இடம் பார்க்கிறான்.

வளைவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாந்தியைக் கிளப்புவது பெரும்பாலும் வளைவு. பழியை ஏற்பது உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் மலை ரயில் 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் வேகக்குறைவுக்காகப் பரிந்துரைக்கத்தக்க வண்டி இதுவாகத்தான் இருக்கும்.

இனி சித்தாந்தம். நான்காம் மாதம் முடிந்து ஏழாம் மாதம் தொடங்குமுன் போகலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நஞ்சுக்கொடி கீழிறங்கியவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே உள்ளவர்கள் டாக்டர் சரி என்று சொல்லாமல் கிளம்பக் கூடாது. போனதும் முதல் நாள் ஓய்வு, நிறையத் தண்ணீர். காரில் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். ரத்தக்கசிவு, கடும் தலைவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் ஊர் திரும்பும்வரை காத்திராமல் அங்கேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பரிசோதனை அட்டை கைப்பையிலேயே இருக்கட்டும்.

கர்ப்பிணிகளுக்கு ரயிலில் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். சென்ட்ரல்வரை ஆட்டோவில் போக வேண்டாம். குழியும் கன்டெய்னரும் நிறைந்த அந்தச் சாலையே இந்தப் பயணத்தின் மிகக் கடினமான மலைப்பாதை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறுங்கள்.