நிலக்கரி அந்தப் பக்கம், தூசி இந்தப் பக்கம்

கேள்வி: டிவிக்குப் புலனாய்வு ஆவணப்படம் எடுக்க ஆசை. வீட்டில் ‘பேங்க் பரீட்சை எழுது’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, நிரவி, காரைக்கால்

பதில்: தாராளமாக எழுதுங்கள். கணக்கு வழக்கைப் படிக்கத் தெரியாதவர் இந்தத் தொழிலில் தேறமாட்டார். கேமராவைக் கையில் எடுப்பது கடைசியில்தான், அதுவரை ஆர்.டி.ஐ. மனுவும் 10 ரூபாயுமாக அலைய வேண்டும்.

படம் எடுத்த பிறகும் நிம்மதி இல்லை. மலக்குழி மரணங்களைத் தேடி ‘கக்கூஸ்’ ஆவணப்படம் எடுத்த திவ்யபாரதிக்கு 2017இல் கிடைத்த பரிசு, வழக்கு. சேனல் 4-க்காக ஈழப்போரின் கடைசி நாட்களைத் தோண்டிய கேலம் மெக்ரே, 2013 நவம்பரில் கிளிநொச்சிக்கு ரயிலேறினார். அநுராதபுரத்தில் ஒரு கூட்டம் ரயிலையே மறித்துவிட்டது! அவருடைய ‘நோ ஃபயர் ஸோன்’ படத்துக்கு நம்மூர்த் தணிக்கை வாரியமும் சான்றிதழ் தரவில்லை. இந்த விஷயத்தில் மட்டும் பாக் நீரிணைக்கு இரு பக்கமும் அப்படியொரு ஒற்றுமை.

படத்துக்கான சரக்குக்கு நீங்கள் சென்னை போக வேண்டாம். உங்கள் காரைக்காலின் வாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கினால் அது புதுச்சேரிக் கணக்கு. தூசி படிகிறது என்று புகார் சொல்லும் நாகூரோ தமிழ்நாட்டுக் கணக்கு. ஒரே தூசிக்கு இரண்டு அரசிடமும் ஆர்.டி.ஐ. மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இரண்டு அலுவலகத்திலும் ‘அது அந்தப் பக்கம்மா’ என்று கைகாட்டினால், முதல் காட்சி கிடைத்துவிட்டது.